இது யாரு கை?

எதை யார் செய்தார்கள் என்று சொல்லாமல் ஒரு நாளும் விடாத மனிதர் அவர். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆள் உயிரோடு இருக்கிறார். மலாயாவில் செடெனாக் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பார்ப்பதாகக் கேள்வி. பெயரைப் போட்டால், இதைப் படித்துவிட்டு யாராவது தேடிப் போய் அவரைத் திட்டக்கூடும். திட்டினால் அவருக்கு எதற்கென்று புரியாது. ரெங்கத்துக்கு அருகே எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் மிஷின்களைப் பழுதுபார்ப்பவர் என்பதால் எல்லாரும் அவரை பிட்டர் என்றார்கள். வயதில் சிறியவர்கள் பிட்டரண்ணே என்றார்கள். இந்தக் கதைக்கு அது போதும்.

ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. ரோலர், தண்ணீர்ப் பம்ப், லோரி, துரையம்மாவின் தையல் மிஷின், எது வந்தாலும் ஒரே முறைதான். முதலில் கோணிச்சாக்கை விரிப்பார். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவார். "மத்தவனெல்லாம் வேலை முடிஞ்சு கை கழுவுவான், இவரு வேலைக்கு முன்னாடி கழுவுறாரு, சமைக்கப் போற மாதிரி" என்று எஞ்சின்காரர் பொன்னுசாமி கேலி செய்வார். கழற்றிய நட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே சாக்கில் வைப்பார். உள்ளே குனிந்து பார்ப்பார், மோந்து பார்ப்பார். பிறகு நிமிர்ந்து, நிற்பவர்களைப் பார்த்து மெதுவாகக் கேட்பார்:

"இது யாரு கை?"

குரலில் கோபமே இருக்காது. மணி என்ன என்று கேட்பதுபோல இருக்கும். யாருடைய கை அந்த மிஷினைக் கெடுத்தது என்று தெரியும்வரை அவர் அதை மூடமாட்டார். "ஆளு தெரியாம மூடுனா, வியாதி தெரியாம வயித்தைத் தச்ச மாதிரி" என்பார்.

யுத்தத்துக்கு முன்பு லோரி ஓட்டிய சின்னையா ஒருநாள் அவசரத்தில் ஸ்பானர் கிடைக்காமல் உளியை வைத்து அடித்து நட்டைக் கழற்றியிருக்கிறார். நட்டின் முனைகள் மழுங்கிவிட்டன. வெள்ளைக்காரத் துரை பட்டறைக்கு வந்து நிற்கும்போது பிட்டர் அந்த நட்டை இரண்டு விரலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். "இது சின்னையா கை, துரை." அவ்வளவுதான். சின்னையாவுக்கு வேலை போயிற்று. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். மறுநாள் காலையில் அந்தக் குடும்பம் பாயும் பானையும் கோழிக்கூண்டுமாக மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் நின்றபோது, மூட்டைகளை ஏற்றிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பிட்டர்தான். நல்ல முடிச்சு. குளுவாங் டவுன் போகும்வரை ஒரு பானை அசைந்திருக்காது.

"ஏண்ணே, தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று பொன்னுசாமி கேட்டார்.

"நட்டுல இருந்தது அவன் உளி. பின்னே யாரைச் சொல்லச் சொல்றே? உன்னையா?"

அவர் வேதக்காரர், ரோமன் கத்தோலிக்கர். மாதத்துக்கு ஒருமுறை சாமியார் வரும்போது தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார். "பிட்டர் உள்ளே போனா சாமியார் வெளிய வர நேரமாவும். தோட்டத்துப் பாவம் மொத்தத்தையும் இவரே சொல்லி முடிக்கணுமில்ல" என்று சனங்கள் சிரிப்பார்கள். அவர் காதில் விழும்படியேதான் சிரிப்பார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. அதில் கேலி இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றியதில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது. யாரும் வாய் திறக்காமல் மோரை ஊற்றிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். பிட்டர் இலையிலிருந்து தலையைத் தூக்கி, "இது யாரு கை?" என்றார். பெண்ணுடைய சித்தி சிரித்து மழுப்பினார். பிட்டர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பந்தி முழுவதும் காத்துக்கொண்டிருந்தது. கடைசியில் அடுப்படியிலிருந்து கிழவி ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "நான்தாம்ப்பா, கண்ணு சரியாத் தெரியலே" என்றாள். "சரி" என்று சொல்லிவிட்டு பிட்டர் அந்தச் சாம்பாரையே ஊற்றிச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது வேறு சாம்பார் அல்ல.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிய முதல் ஆள் நான். என் அண்ணன் விடியுமுன் ரப்பர்ப் பால் வெட்டப் போய் என்னைக் குளுவாங்கில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். ஜப்பான்காரன் வந்ததும் அந்தப் படிப்பு செல்லாக்காசாகிவிட்டது. மூன்று மாதம் ஜப்பான் மொழியான நிப்பொங்கோ படித்து, தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணியாகவும் மொழிபெயர்ப்பவனாகவும் உட்கார்ந்தேன். பிட்டர் என்னை ஒரே ஒரு நாள் தவிரத் தம்பி என்றதில்லை. "கிராணியாரே" என்பார். அந்த 'ஆரே'யில் மரியாதை எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடிந்ததில்லை.

துரை சிங்கப்பூருக்கு ஓடும்போது விட்டுப் போன சாமான்களில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. ஜெர்மன்காரன் செய்தது. சனங்கள் அதைச் 'சங்கிலியில்லாத வண்டி' என்றார்கள். மற்ற வண்டிகளில் எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சங்கிலி ஓடும். இதில் அதற்குப் பதில் ஒரு இரும்புத் தண்டு. தண்டின் முனை பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கியர்ப் பெட்டிக்குள் போகும். பெட்டிக்குள் பல்சக்கரங்கள் எண்ணெயில் முங்கிக் கிடக்கும். சக்கரத்துக் குடத்தின் உட்பக்கமும் பல், பெட்டியின் மூக்கிலும் பல். பல்லோடு பல் கோத்துத்தான் சக்கரம் சுற்றும். அந்தப் பல்லில் கிரீஸ் காய்ந்தால் சீக்கிரமே மழுங்கிப்போகும். அப்புறம் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் சக்கரம் நகராது.

தோட்டத்துக்குப் பொறுப்பாக வந்த ஜப்பான் அதிகாரிக்கு அந்த வண்டி மேல் ஆசை. அதில் ஏறி வாளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒவ்வொரு டிவிசனாகப் போவான். முன்சக்கரத்து பிரேக் கம்பி அறுந்து, மாற்றுக்கம்பி கிடைக்காமல் கிடந்தது. வண்டி நிற்க வேண்டுமென்றால் பின்சக்கரத்து பிரேக் ஒன்றுதான். அதனால் பின்சக்கரம் பிட்டருக்குக் கோயில் மாதிரி ஆகிவிட்டது. வாரா வாரம் கழற்றுவார். அச்சின் நட்டை எடுத்து, அச்சைக் கவ்விப் பிடிக்கிற சின்னப் போல்ட்டைத் தளர்த்தி, மரச்சுத்தியால் தட்டி அச்சை உருவுவார். சக்கரம் ஒருபக்கம் நழுவிப் பல்லிலிருந்து கழன்று வரும். ஒவ்வொரு பல்லாகத் துடைத்து, மாட்டுக்கொழுப்பைக் காய்ச்சிச் செய்த கிரீசை நகத்தால் வழித்துப் பூசுவார். கியர்ப் பெட்டிக்கு எண்ணெய் எங்கே கிடைக்கும்? ஜப்பான்காரன் தோட்டமெங்கும் ஆமணக்கு போடச் சொல்லியிருந்தான். விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். அதுவும் எப்போதாவதுதான் வரும்.

பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போது சயாமுக்கு ஆள் பிடிப்பது அப்போது தொடங்கியிருந்தது. ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதத்தில் திரும்பி வரலாம் என்றார்கள். மூன்று மாதம் ஆகியும் போன ஒருவரும் திரும்பி வரவில்லை. பிறகு யாரும் தாமாகப் போகவில்லை, அதிகாரி விரலை நீட்டினால் போக வேண்டும். பிட்டருக்கு மட்டும் சயாம் கிடையாது. வண்டிக்குக் கூடமாட வேலை செய்ய ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம், அவனையும் தொடமாட்டார்கள்.

அண்ணனுக்கு அப்போதுதான் பெண்குழந்தை பிறந்திருந்தது. அண்ணி என்னிடம், "தம்பி, நீங்க படிச்சவங்க. பிட்டரண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. இவருக்கு என்னா செய்யத் தெரியாது? கத்தி பிடிக்கிற கைதானே" என்றார். கேட்டேன்.

பிட்டர் அண்ணனை நிற்க வைத்துக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மாட்டுத் தரகர் மாதிரி.

"பட்டை மேல எத்தினி காயம் போட்டிருக்கே?"

"என் மரத்துல காயமே இருக்காதுண்ணே. கங்காணியைக் கேட்டுப் பாருங்க."

"கேட்டேன். அவரும் அதைத்தான் சொன்னாரு. அதனாலதான் கையைப் பாக்குறேன். வா."

அண்ணன் சிரிக்கிற மனிதர். பிட்டர் திட்டினால்கூடச் சிரிப்பார். கிரீஸ் பூசி முடித்ததும் பிட்டர் சுண்டுவிரலைப் பல்லுக்கிடையே விட்டு வழித்துப் பார்த்து, "இங்க ஒரு பல்லு பட்டினியாக் கிடக்கு. இது யாரு கை?" என்பார். பட்டறையில் இருப்பது இரண்டு பேர். "வேற யாரு, மாமியார் வீட்டுலேருந்தா ஆளு வந்துச்சு? என் கைதாண்ணே" என்று அண்ணன் மறுபடி பூசுவார். அண்ணனுக்கு அந்த வேலையில் பயமும் பக்தியும் கலந்திருந்தன. அவர்தான் வெள்ளிக்கிழமைகளில் மாரியம்மன் கோயில் விளக்குக்கு எண்ணெய் விடுபவர். அகலில் எண்ணெய் தளும்பி நிற்க வேண்டும், குறைவாக விட்டால் அம்மாளுக்கு ஆகாது என்பது எங்கள் லயத்துப் பழக்கம். யுத்தம் வந்து எண்ணெய் இல்லாமல் விளக்கு அணைந்து கிடந்தது அவர் மனத்தை மிகவும் வருத்தியது.

ஒருநாள் பிட்டரை லோரி பார்க்கக் குளுவாங்குக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அன்றைக்கென்று பார்த்து ஒரு டின் விளக்கெண்ணெய் வந்தது. பல நாளாகக் கியர்ப் பெட்டியில் எண்ணெய் குறைந்து கிடந்தது. அதிகாரி சாயங்காலம் வண்டி வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தான். அண்ணன் தானே ஊற்றினார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவர் சந்தோஷமாக இருந்தார். "தம்பி, வண்டி நேரா நிக்கையிலே எண்ணெய் ஊத்துற ஓட்டை வரைக்கும்தான் கொள்ளுது. கொஞ்சம் சாச்சுப் பிடிச்சா இன்னும் உள்ளே போவுது. விட்டேன் தளும்பத் தளும்ப. நம்ம உசுரைக் காப்பாத்துற சாமான் அது. ஒரு நாளாச்சும் வயிறு நெறையக் குடிக்கட்டுமே" என்றார்.

எனக்கும் அது நல்ல காரியமாகத்தான் பட்டது. எனக்கு என்ன தெரியும்?

எண்ணெய் அந்த ஓட்டை மட்டத்துக்கு மேல் நிற்கக்கூடாது. நின்றால், பெட்டி சூடேறும்போது அது பெட்டியை அடைத்திருக்கிற ரப்பர் வளையத்தைத் தாண்டி வெளியே கசியும். வெளியே இருப்பது பிரேக் குடம். சாயங்காலம் அதிகாரி மேட்டு டிவிசனிலிருந்து இறங்கி வந்தான். சரிவில் காலால் பிரேக்கை மிதித்திருக்கிறான், பிடிக்கவில்லை. செம்மண் ரோட்டில் அப்படியே இறங்கி, திருப்பத்தில் ரோட்டோரக் கால்வாய்க்குள் வாளோடும் வண்டியோடும் விழுந்தான். முழங்கால் கிழிந்தது. தலையிலிருந்து பூட்ஸ் வரை சேறு. புல்லுக் கட்டோடு வந்த இரண்டு பெண்கள் அதைப் பார்த்து, அவன் போகும்வரை புல்லுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்களாம். அன்று சாயங்காலம் ஒரு மணி நேரம் தோட்டமே ரகசியமாகச் சிரித்தது. அந்தச் சிரிப்பு யார் தலையில் விடியும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் வண்டி பட்டறையில் நின்றது. அதிகாரி பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். பிட்டர் கை கழுவிக்கொண்டு சக்கரத்தைக் கழற்றினார். குடத்துக்குள்ளே விளக்கெண்ணெய் ஊறிக் கிடந்தது. பிரேக் கட்டையை விரலால் தொட்டு மூக்கில் வைத்துப் பார்த்தார். எண்ணெய் ஊற்றும் திருகைத் திறந்தார். தானாகவே வழிந்தது.

"இது யாரு கை?"

அண்ணன் தலை கவிழ்ந்து நின்றார். முதல் தடவையாக அவர் சிரிக்கவில்லை. "என் கைதாண்ணே. நெறைய இருந்தா நல்லதுன்னு நெனச்சேன்."

"நெறைய இருந்தா நல்லதுன்னா, அளவுக்கு ஓட்டை எதுக்கு வச்சான்?"

"தெரியலேண்ணே."

பொன்னுசாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பிட்டரண்ணே, வந்து கேட்டான்னா, வளையம் தேஞ்சுபோச்சு, மாத்து இல்லேன்னு சொல்லிருங்க. ஊருல எந்தச் சாமான்தான் இருக்கு? அவனுக்குத் தெரியாதா?"

"வளையம் நல்லாத்தான் இருக்கு."

"இருக்கட்டுமே! அதை அவனா அவுத்துப் பாக்கப்போறான்?"

"நான் அவுத்துப் பாத்துட்டனே" என்றார் பிட்டர்.

அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். பட்டறை வாசலில் மண்டி போட்டார். "அண்ணே, உங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன். பொய் சொல்ல வேணாம். ஒண்ணுமே சொல்லாம இருந்துருங்க, அது போதும். இவரு போயிட்டா எனக்கு யாருண்ணே இருக்கா?"

பிட்டர் அவரைப் பார்த்த பார்வையில் இரக்கம் இல்லாமல் இல்லை. "எந்திரி தங்கச்சி. கீழே எல்லாம் எண்ணெய், பிள்ளை வழுக்கி விழுந்துறப் போவுது" என்றார். கோணிச்சாக்கின் ஒரு மூலையை இழுத்து அந்த இடத்தில் போட்டார்.

எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. பிட்டர் என்ன சொன்னாலும் அது என் வாய் வழியாகத்தான் போக வேண்டும்.

அதிகாரி நொண்டிக்கொண்டு வந்தான். எல்லாரும் குனிந்து வணங்கினோம். என்ன நடந்தது என்று கேட்டான். நான் பிட்டரைப் பார்த்தேன். அவர் சொன்னார்: "எண்ணெய் அளவுக்கு மேல ஊத்தினதால பிரேக்குக்குள்ள வந்துருச்சு. ஊத்துனது என் ஆளு." நான் அதிகாரிப் பக்கம் திரும்பி, ரப்பர் வளையம் பழையதாகிக் கசிந்துவிட்டது, மாற்றச் சாமான் இல்லை, மன்னிக்க வேண்டும் என்று நிப்பொங்கோவில் சொன்னேன். அவ்வளவு சுத்தமாக அந்த மொழியை நான் அதற்கு முன்பு பேசியதில்லை.

அதிகாரி தலையை ஆட்டினான். ஒரு நொடி எல்லாம் முடிந்துவிட்டது போலிருந்தது.

ஆனால் ரப்பர்த் தோட்டத்தில் ரப்பருக்கு ஜப்பான் மொழியில் 'கோமு' என்பது ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். பிட்டர் நெற்றியைச் சுருக்கினார். "கிராணியாரே, நான் ரப்பரைப் பத்திப் பேசவே இல்லையே" என்றார். அவர் அதிகாரியை நேராகப் பார்த்து, தமக்குத் தெரிந்த பாசார் மலாயில், கடைத்தெருப் பேச்சில், ரப்பர் நல்லாயிருக்கு துவான், எண்ணெய்தான் ரொம்ப அதிகம் என்று விளக்கினார். வளையத்தை விரலால் இழுத்துக் காட்டினார். நல்ல வளையம்தான். இழுத்து விட்டதும் சுருங்கிக்கொண்டது.

அதிகாரி என் கன்னத்தில் அறைந்தான். விழுந்தேன். எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி அறைந்தான்.

பிறகு மலாயில், "சியாப்பா?" என்றான். யார்?

பிட்டரின் கை எழுந்தது. அது பாதி வருவதற்குள் அண்ணன் ஓரடி முன்னால் வந்துவிட்டார். "சயா, துவான்" என்றார். நான்தான். சத்தமாக, தெளிவாகச் சொன்னார். நான் இன்னொரு அறை வாங்கக்கூடாது என்றுதான் அவ்வளவு அவசரமாகச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அண்ணன் சொல்லி முடித்த பிறகும் பிட்டரின் விரல் நிற்கவில்லை. பாக்கித் தூரத்தையும் கடந்து போய் அண்ணன் நெஞ்சுக்கு நேராக நின்றது.

அன்று மத்தியானமே லோரியில் ஏற்றினார்கள். அண்ணன் கையில் விளக்கெண்ணெய் இன்னும் காயவில்லை. லோரிப் பலகையைப் பிடித்தபோது வழுக்கி, இரண்டு தடவை ஏற வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை அண்ணியைப் பார்த்துச் சிரித்தார். யுத்தம் முடிந்து சயாமிலிருந்து ஆட்கள் வந்தபோது நான் குளுவாங் ஸ்டேசனுக்குப் பல நாள் போய் நின்றேன். அவர் வரவில்லை. எந்த முகாமில், என்ன காய்ச்சலில் என்று சொல்லவும் ஆள் இல்லை.

லோரி போன மறுநாள் பிட்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சின்னப் பொட்டலம். வண்டி வேலை செய்பவர்களுக்கு மரவள்ளிக்குப் பதில் கொஞ்சம் அரிசி கொடுப்பார்கள். அதில் அண்ணன் பங்கு. எடுத்துத் தாமே வைத்துக்கொண்டிருக்கலாம், கேட்பார் யாருமில்லை.

"இது அவனுக்குச் சேர வேண்டியது" என்றார். பொட்டலத்தை நீட்டியபடி, "அவன் கை சுத்தமான கைதான் தங்கச்சி. கிரீஸ் பூசறதுல குறை சொல்ல முடியாது. எண்ணெயிலதான் அளவு தெரியாமப் போச்சு" என்றார். ஆறுதல் சொல்கிறோம் என்றுதான் அவர் நினைத்தார்.

அண்ணி பொட்டலத்தை அவர் முகத்தில் எறிவார் என்று எதிர்பார்த்தேன். குழந்தை அழுதது. அண்ணி கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பிட்டர் உதவிக்கு ஆள் கேட்கவில்லை. எத்தனையோ பேர் வந்து காலில் விழுந்தார்கள். ஓர் ஆளை வைத்துக்கொண்டிருந்தால் ஓர் ஆள் சயாமுக்குப் போகாமல் தப்பியிருப்பான். "வேணாம்பா. அப்புறம் எதுன்னா ஆச்சுன்னா நான் சொல்ல வேண்டி வரும்" என்பார். அவரிடம் கருணை என்று ஒன்று இருந்திருந்தால், அது இந்த இடத்தில்தான் இருந்தது. அதனால் ஓர் உயிரும் பிழைக்கவில்லை.

மழைக்காலத்தில் அவருக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. கொயினா மாத்திரை இல்லை. சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடியே வாராந்திரச் சக்கர வேலையைச் செய்தார். இரண்டு நாள் கழித்து அதிகாரி செடெனாக் ரோட்டிலிருந்து ஓர் ஆளை விட்டு வண்டியைத் தள்ளவைத்துக்கொண்டு வந்தான். நெற்றியில் ரத்தம், ஒரு கை கழுத்தில் கட்டிய துணியில். ஓட்டத்தில் பின்சக்கரம் ஆட ஆரம்பித்து வண்டி அவனைத் தூக்கி எறிந்திருக்கிறது. முன்னே விழுந்ததைவிடப் பெரிய விழுகை.

செய்தி லயத்துக்குள் ஓடியது. பட்டறையில் இப்போது ஒரே ஓர் ஆள்தான். அது எல்லாருக்கும் தெரியும். பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஆட்கள் வந்தார்கள். அண்ணியும் குழந்தையோடு வந்து பட்டறை வாசலில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன், பிறகு பார்க்காமல் இருந்தேன். என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அதிகாரி நின்றுகொண்டே காத்திருந்தான். பிட்டர் சக்கரத்தைக் கழற்றினார். அச்சைக் கவ்வும் சின்னப் போல்ட்டைத் தொட்டதுமே அது விரலோடு சுற்றியது. முறுக்கவே இல்லை. அச்சு நகர்ந்து, பல்லெல்லாம் ஒன்றையொன்று கடித்து, நாய் மென்ற எலும்புபோல ஆகியிருந்தது. அவர் ஒவ்வொரு பல்லாக விரலால் தடவிப் பார்த்தார். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

"இது யாரு கை?" என்றார். கேட்டது எங்களை அல்ல. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கிராணியாரே, என் கைதான். காய்ச்சல்ல போல்ட்டை முறுக்க மறந்துட்டேன். காய்ச்சலைச் சொல்ல வேணாம், அது சாக்கு. மறந்துட்டான்னு மட்டும் சொல்லுங்க. இந்தத் தடவை ஓர் எழுத்தும் மாத்தாதீங்க."

மாற்றவில்லை. உள்ளது உள்ளபடி சொன்னேன். காய்ச்சலைச் சொல்லவில்லை.

அதிகாரி பிட்டரைப் பார்த்தான். அவன் கை வாளுக்குப் பக்கத்தில் இருந்தது. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பிட்டர் முதுகை நிமிர்த்தி நின்றார், நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. அதிகாரி வண்டியைப் பார்த்தான், பிட்டரைப் பார்த்தான், மறுபடி வண்டியைப் பார்த்தான். அந்த வண்டியைத் தொடத் தெரிந்த இன்னோர் ஆள் ஜோகூரிலேயே கிடைப்பானா என்று அவன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். திடீரென்று சிரித்தான். பிட்டரின் தோளில் தட்டினான். "யோக்கியமான ஆள். நான் இப்படிப்பட்ட ஆளைத்தான் விரும்புகிறேன். அவனிடம் சொல்" என்றான். சொன்னேன். சட்டைப் பையிலிருந்து சிகரெட் ஒன்றை எடுத்துப் பிட்டரிடம் கொடுத்து, தானே பற்றவைத்துவிட்டு, நொண்டிக்கொண்டு போய்விட்டான்.

ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அண்ணி மட்டும் வாசலை விட்டு நகரவில்லை.

பிட்டர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து புகையை இழுத்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். அந்த முகத்தில் அவ்வளவு கனிவை நான் அதற்கு முன்பு கண்டதில்லை.

"பாத்தியா தம்பி?" என்றார். "ஒளிக்காம சொன்னா ஒரு கெடுதலும் வராது. உங்கண்ணன் நல்ல பையன். அன்னிக்கு அவனே வாயைத் தொறந்து சொல்லியிருந்தா, இந்நேரம் இதோ இங்கதான் உக்காந்திருப்பான்."

"சொன்னாருண்ணே" என்றார் அண்ணி.

"யாரு?"

"அவருதான். நீங்க கையை நீட்டி முடிக்கிறதுக்குள்ளேயே சொன்னாரு. நான்தான்னு சொன்னாரு. நான் இதே எடத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

பிட்டர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றியில் வரி விழ. பிறகு என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

"சொன்னானா?" என்றார். "எனக்கு ஞாபகம் இல்லே தங்கச்சி. அன்னிக்கு நான் பிரேக்கைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."